பாதிப் பாலத்தில் நின்ற கணினி

அக்காவின் கணினி மறுபடியும் பாதிப் பாலத்தில் அணைந்துபோனது. இனிமேல்தான் கட்டப்போகிற ஒரு பாலத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடந்து போவதுபோல் படம் செய்து தரும் வேலை. அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. மாலைக்குள் பொறியாளரிடம் போய்ச் சேர வேண்டும். கணினி வரைய வரையப் படம் பாதி தூரம் ஓடும். சூடு தாங்காமல் பெட்டி தானாக அணைந்துவிடும்.

அந்தப் பெட்டியைக் கோத்தவளும் அவள்தான். தண்ணீரால் குளிரும்படி பாகம் பாகமாக வாங்கி மாட்டியிருந்தாள்.

கணினிக் கடை வைத்திருக்கும் அவள் கொழுந்தன், புது பம்பு ஒன்றை அட்டைப்பெட்டியோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"பம்பு அவுட், அண்ணி. அன்னைக்கே சொன்னேன்ல, கம்ப்யூட்டரைத் தண்ணி விட்டுக் குளிப்பாட்டாதீங்கன்னு."

"முதல்ல உங்க அண்ணனைக் குளிக்கச் சொல்லு. தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்கிற."

"பம்பு மாத்தவே சாயங்காலம் ஆயிடும். பேசாம ஃபைலைக் கொடுங்க. என் மெஷின்ல ஓட்டி, கடை பேர்ல அனுப்பிடலாம்."

அக்காவின் காது சிவந்தது. பெட்டியின் பக்கமூடியைக் கழற்றினாள்.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். விளக்காமல் இருக்க வராது. சூடாவது பிராசஸர். அதன் தலைமேல் ஓர் உலோகக் கட்டி. அதற்குள் தண்ணீர் ஓடும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரைப் பம்பு ரேடியேட்டருக்குத் தள்ளும். ரேடியேட்டர் என்பது தட்டையான குழாய்களும், அவற்றின் நடுவே விசிறிமடிப்பாக மடித்த மெல்லிய தகடுகளும். முன்னால் இருக்கும் ஃபேன்கள் அந்த மடிப்புகளுக்குள் காற்றை ஊத, சூடு காற்றோடு போய்விடும். தண்ணீர் நின்றால் சூடு கட்டியிலேயே தங்கும். காற்று நின்றால் தண்ணீரிலேயே தங்கும். இரண்டில் எது நின்றது?

அக்கா பெட்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, போகிற குழாயையும் வருகிற குழாயையும் இரு கைகளாலும் பிடித்தாள்.

"ரெண்டும் ஒரே சூடு. பம்பு போயிருந்தா ஒண்ணு கொதிக்கும், ஒண்ணு ஜில்லுன்னு இருக்கும். தண்ணி நல்லாத்தான் ஓடுது."

பிறகு மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ரேடியேட்டரின் உள்பக்கம் பிடித்தாள். முன்னால் ஃபேன்கள் ஜோராகச் சுற்றின. காகிதம் அசையவே இல்லை.

"காத்துதான் வழியில காணாமப் போகுது" என்றாள்.

மின்சாரத்தைத் துண்டித்து ஃபேன்களைக் கழற்றினோம். எந்த இடத்து ஸ்க்ரூ எதுவென்று பிரித்து வைக்கச் சொன்னாள். நீளமானது தவறான துளையில் ஏறினால் குழாயையே குத்திவிடுமாம். கடைசி ஃபேனும் கையோடு வந்தது. ரேடியேட்டரின் முகத்தில் சாம்பல் நிறக் கம்பளம் ஒன்று, தைத்து ஒட்டியதுபோல் ஓரம் பிசகாமல் படிந்திருந்தது. நடுநடுவே எங்கள் வாசல் மிதியடியின் பச்சை நூல்.

சனிக்கிழமைதோறும் அக்கா முன்பக்க வலையையும் ஃபேன் இறக்கைகளையும் தூரிகையால் துடைப்பாள். வெளியே பார்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கும். துடைத்த தூசியில் பாதி, ஃபேனின் இடுக்கு வழியே பின்னால் போய் மடிப்புகளில் அப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"இது நான் பண்ணினது" என்றாள் மெதுவாக.

கொழுந்தன் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவளே கூப்பிட்டாள்.

"இங்க வா, பாரு."

எட்டிப் பார்த்தவன் சிரித்துவிட்டான். "பெருக்கிப் பெருக்கிப் பாய்க்கு அடியில தள்ளியிருக்கீங்க, அண்ணி!"

"ஆமா, தள்ளினது நான்தான். பாயைத் தூக்கிப் பார்த்ததும் நான்தான். பெட்டியோட அந்த முனையைப் பிடி."

குழாய்களைக் கழற்றாமல் பெட்டியையே பால்கனிக்குத் தூக்கினோம். பாலாடையை எடுப்பதுபோல் அக்கா அந்தக் கம்பளத்தை உரித்தாள். மிச்சத் தூசி வந்த வழியே வெளியேற, தூசி ஊதும் மெஷினால் உள்பக்கமிருந்து ஊதினாள். மடிப்பின் போக்கிலேயே தூரிகையை இழுத்தாள். குறுக்கே இழுத்தால் தகடு மடங்கிவிடும். ஃபேன்களை ஊதியபோது இறக்கைகளை நான் விரலால் பிடித்துக்கொண்டேன். கட்டுமீறிச் சுற்றினால் ஃபேனுக்குத்தான் கேடு. கொழுந்தன் தும்மித் தீர்த்தான்.

மாட்டிவிட்டுக் காகிதத்தைப் பிடித்தோம். படபடவென்று அடித்துக்கொண்டது.

படத்தை ஓடவிட்டாள். பாதிப் பாலம் வந்தது. மூன்று பேரும் திரையருகே குனிந்தோம். தண்ணீரின் சூட்டைக் காட்டும் எண் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. படம் பாதிப் பாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

கொழுந்தன் தொண்டையைக் கனைத்தான். "கடையில ஒரு மெஷின் கிடக்கு, அண்ணி. பம்பு மாத்தியும் சூடு அடங்கல."

"ஃபேனைக் கழட்டிப் பார்த்தியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நாளைக்கு எடுத்துட்டு வா" என்றாள் அக்கா. "கூலி உண்டு, சொல்லிட்டேன்."

படம் அக்கரையைத் தொட்டபோது வெயில் இன்னும் சாயவில்லை. கடைசித் திரையில், செய்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் அக்கா தன் பெயரை அடித்தாள். ஒருமுறை பார்த்தாள். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு அனுப்பினாள்.