கோபக்காரியின் குட்டி

ஒரே வாரத்தில் லாயத்தில் இரண்டு சாவு. கோபக்காரி என்று பெயரெடுத்த பழுப்புக் குதிரைக்குப் பிறந்த குட்டி மூச்சே விடவில்லை. அந்தத் துக்கம் ஆறுவதற்குள், அடுத்த கொட்டடியில் இருந்த வெள்ளைக் குதிரை ஒரு பெண் குட்டியைப் போட்டுவிட்டு, ரத்தப்போக்கு நிற்காமல் கண்ணை மூடிவிட்டது. பிள்ளையில்லாத தாய் ஒன்று, தாயில்லாத பிள்ளை ஒன்று. சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று வெளியாட்கள் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, கோபக்காரியோடு குடித்தனம் நடத்துகிறவர்களா அவர்கள்? தன் தண்ணீர்த் தொட்டியை யாராவது தொட்டாலே காதை மடக்கிப் பல்லைக் காட்டுகிற ஜென்மம் அது. வேற்றுக் குட்டி மடியில் வாய் வைத்தால் ஒரே உதையில் கதை முடிந்துவிடும்.

லாயத்தை நடத்துகிறவள் அதனால்தான் பிடிவாதமாக நின்றாள். புட்டிப்பால் கொடுத்துத் தானே வளர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். குட்டியும் அதற்குள் அவள் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டே பின்னால் சுற்றப் பழகியிருந்தது. நாக்கைச் சொடுக்கினால் போதும், நான்கு குச்சிக்கால்களும் நான்கு பக்கம் போக ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் கல்லும் கரையும்.

அவள் வீட்டுக்காரர் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். வாதாடத் தெரியாத மனிதர். இடது கையைத் தூக்கிக் காட்டினார். தோள் மட்டத்துக்கு மேல் அது போகவில்லை. அத்தோடு அவள் பிடிவாதம் தளர்ந்தது.

அந்தத் தோள், செல்லம் என்று பெயர் வைத்து முன்பு வளர்த்த குதிரை கொடுத்த பரிசு. செல்லமும் தாயில்லாக் குட்டிதான்; சமையலறை வரை வந்து பால் குடித்து வளர்ந்தது. முன்னங்கால்களைத் தூக்கி இவர்கள் தோளில் வைக்கும். இவர்களும் பூரித்துப்போய் ஊரையே கூப்பிட்டுக் காட்டினார்கள். வளர்ந்து மலை மாதிரி ஆன பிறகும் அதே பிரியத்தோடு காலைத் தூக்கி அவர் தோளில் வைத்தது. எலும்பு நொறுங்கியது. பாவம், அது செய்த தப்பு என்ன? மனிதர்களையே தன் இனம் என்று நம்பி வளர்ந்துவிட்டது. மற்ற குதிரைகளோடு ஒட்டத் தெரியாது. மனிதர்களோடு விடவும் முடியாது. கடைசியில் கால்நடை டாக்டர் ஊசி போட்டு அதன் கதையை முடிக்க வேண்டியதாயிற்று. அப்போதும் அது அவள் கழுத்தில்தான் முகம் வைத்திருந்தது. கொஞ்சியே கெடுத்தோம் என்று அவள் அன்று அழுத அழுகை கொஞ்சமில்லை.

ஆக, டாக்டர் சொன்னபடி தலைவலித் தைலம் வந்தது. கோபக்காரியின் மூக்குக்குள்ளும் குட்டியின் தலையிலிருந்து வால் வரைக்கும் பூசினார்கள். எல்லாம் ஒரே வாசனை என்றால் தன் குட்டி எது, பிறர் குட்டி எது என்று அது குழம்புமாம். வீட்டில் யாருக்குத் தலைவலி என்று கேட்ட கடைக்காரரிடம், எனக்குத்தான், காரணம் வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார் லாடக்காரர்.

அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவள் குட்டியை அணைத்தபடி மடிக்குக் கொண்டுபோனாள். காலை முழுக்க இப்படியே பால் குடித்தது. கயிறு கையில் இருக்கும்வரை கோபக்காரி பரம சாது. கயிறு போனால் என்ன ஆகும் என்று டாக்டரால்கூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் நடுவில் ஆள் இருக்கும்வரை இரண்டும் ஒட்டாது என்பதை மட்டும் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"அவுத்துடலாமா?" என்றார் லாடக்காரர்.

"உதைச்சுட்டா?"

"போயிடும். ரெண்டு பேரும் உக்காந்து அழுவோம்." கயிற்றை அவள் பக்கம் நீட்டினார்: "ஆனா இது குதிரையா வளரணும்மா. நமக்குப் பிள்ளையா வளரக் கூடாது."

அவளே கயிற்றை அவிழ்த்தாள். இருவரும் வெளியே வந்து அரைக்கதவைச் சாத்தினார்கள்.

குட்டி மடியைத் தேடிப் போனது. கோபக்காரி காதை மடக்கிக் கத்தியது. பின்னங்கால் எழும்பியது. குட்டியின் பக்கவாட்டில் ஓர் இடி; வைக்கோலில் போய் விழுந்தது. அவள் தாழ்ப்பாளைப் பிடித்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்தார்.

குட்டி எழுந்தது. அடி வாங்கிய வெட்கமே இல்லாமல் மறுபடி அதே இடத்துக்குப் போனது. பசி யாரை விட்டது? கோபக்காரி கழுத்தைத் திருப்பி அதன் முதுகை நீளமாக மோந்து பார்த்தது. பிறகு பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி வழிவிட்டது. பால் உறிஞ்சும் சத்தம் கேட்டதும் அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

வயிறு நிறைந்ததும் குட்டி தலையை நிமிர்த்தி அவளைத் தேடியது. கதவை நோக்கி வந்து மெல்லக் கனைத்தது. நாக்கைச் சொடுக்கினால் ஓடிவரும். அவளோ சடாரென்று அரைக்கதவின் மறைவில் உட்கார்ந்து, வீட்டுக்காரரையும் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். குட்டி மறுபடியும் கூப்பிட்டது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே கோபக்காரி அடித்தொண்டையில் உறுமிக் கூப்பிட்டது. பெற்ற பிள்ளையை மட்டுமே குதிரைகள் அப்படிக் கூப்பிடும். குட்டிக் குளம்புகள் தயங்கின. பிறகு அந்தப் பக்கம் திரும்பி நடந்தன.

"போயிடுச்சும்மா" என்றார் அவர், கிசுகிசுப்பாக.

"போகட்டும்" என்றாள் அவள். "நீங்க எழுந்துக்காதீங்க. பார்த்துடும்."