மஞ்சள் முக்காட்டுப் பறவை

அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கதீஜம்மாள், காலமான என் தம்பியின் மகள் ஆபிதா பானு, கடையநல்லூர் சைஃபுல்லா, அவர் மகன் ஷாஜித். கூண்டில் ஒரு பறவையும் இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். வந்தவற்றில் பெருமை பேசாதது அது ஒன்றுதான்.

ஷாஜித்துக்கும் ஆபிதாவுக்கும் நிக்காஹ் பேசி, ஜமாத்தில் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கொடுத்த வாக்கு திரும்பியதில்லை. சைஃபுல்லாவோ மகன் துபாய்க்குப் போன நாள் முதல் தரையைப் பார்த்து நடக்காத மனிதர். பெண் வீட்டுக்கு வருகிறவர்கள் பழமும் பூவும் கொண்டுவருவார்கள். அவர் கொண்டுவந்தது கூண்டு.

"தென்னமெரிக்காச் சதுப்புல இருக்கது, அண்ணாச்சி. கிரைசோமஸ்னு பேரு. அந்தப் பேரினத்துலயே ரெண்டே வகைதான். ஆண்தான் கூடு கட்டும்."

"ஒங்க மவன் கட்டிட்டானோ?" என்று கதீஜம்மாள் கேட்டாள்.

"மனை பாத்துக்கிட்டு இருக்கான், மதினி."

உடல் கறுப்பு, தலை முழுக்க மஞ்சள். முக்காடு போட்டதுபோல இருந்தது. சென்னையில் வாங்கியதாகச் சொல்லி ஷாஜித் கைப்பேசியில் அந்தப் பறவையினத்தின் படம் காட்டினான். நான் கண்ணாடியைத் தேடவில்லை.

வெயில் கடுமை. ஆபிதா அகலக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து கூண்டுக்குள் வைத்தாள். பறவை தலையை முக்கி முக்கிக் குளித்தது. தண்ணீர் மஞ்சளானது. தலை கறுத்தது.

நாங்கள் நூலுக்குச் சாயம் போடும் குடும்பம். எங்களிடமே ஒட்டாத சாயத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். பிளவுபட்ட வாலும் கத்தரித்து நேராக்கப்பட்டிருந்தது. குருவிகுளம் போகும் வழியெல்லாம் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான் குருவிதான் அது.

"ரெண்டு வகைன்னீரே வே, இது எது?" என்றேன்.

சைஃபுல்லா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஏமாந்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுத் தேநீர் கொடுத்திருப்பேன். ஏமாறாதவன் யார்? ஆனால் மகன் ஆபிதாவைப் பார்த்துச் சீறினான்.

"ஏட்டி, ஒன்னைய யாரு தண்ணி வைக்கச் சொன்னா? நல்லாருந்த பறவையக் கெடுத்துட்டியே."

நிக்காஹ் ஆகுமுன்பே ஏட்டி. ஆபிதா கூண்டை வாசலுக்குத் தூக்கிப் போய்த் திறந்துவிட்டாள். கரிச்சான் எதிர்வீட்டு மாடிக்குப் பறந்தது.

"பெரியவாப்பா, வெயிலுக்குத் தண்ணி வச்சதுக்கே இந்த ஏச்சு. இந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்," என்றாள்.

ஒரு பறவைக்காக நான் கல்யாணத்தை நிறுத்திவிட்டதாகச் சங்கரன்கோவில் முழுக்கப் பேசுகிறார்கள். தவறு. நிறுத்தியவள் ஆபிதா. ஜமாத்துக்குப் போய் வாக்கைத் திரும்பப் பெற்றது மட்டும்தான் நான்.