லூதர் பிராக்டனின் கடைசிப் பந்தி

வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மயூரா மேடையில் ஏறித் தன் பெயர் லூதர் பிராக்டன் என்றாள். லிட்கம் மண்டபத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பள்ளிச் சீருடைக்கு மேல் அவள் ஆண்களின் கறுப்புக் கோட்டு ஒன்றை அணிந்திருந்தாள். இரண்டாவது வசனத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாம் வரிசையில் அவள் தகப்பன் அருந்தவன் முழங்காலில் கை ஊன்றி முன்னே சாய்ந்தான். வேலையிலிருந்து நேரே வந்திருந்தான். செம்மஞ்சள் மேற்சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கதிரைக்குக் கீழே வைத்திருந்தான்.

வரலாற்றில் வாழ்ந்த ஒருவராகவே மாறி, அவர் வாழ்க்கையை அவர் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் போட்டி. இங்கே வென்றால் மாநில இறுதிச் சுற்று. அங்கே வெல்கிற பிள்ளைக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு பரிசு. மயூராவுக்கு வேறு வழியே கிடையாது. அகதிப் படகில் வந்தபோது அவள் தாய் ரஞ்சினியின் மடியில் இருந்தவள். அன்றிலிருந்து இன்றுவரை மூவருக்கும் பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக அனுமதிதான். நிரந்தர விசா கொடுக்கவும் மாட்டார்கள், திருப்பி அனுப்பவும் மாட்டார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் இந்த நாடு அவளை வெளிநாட்டு மாணவி என்று சொல்லும். வெளிநாட்டு மாணவியின் கட்டணத்தைக் கேட்கும்.

தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவன் என்று பென்டில் ஹில் பக்கத்தில் அருந்தவனுக்குப் பெயர் இருந்தது. பேச்சை எழுதுவது பெற்றோர். பாடமாக்குவது பிள்ளை. எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை இறக்குவது, எந்தச் சொல்லுக்குக் கை எழும்புவது, இவை அருந்தவனின் பொறுப்பு. பிள்ளைக்கு அர்த்தம் விளங்க வேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் ஒரு சொல்லும் விளங்காமல் சபையை அழவைத்துக் கேடயத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்த முறை பிள்ளைக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. பழக்கியவனுக்குத் தெரியவில்லை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆங்கிலம் அவனிடம் இருந்தது. குடிவரவு அலுவலக ஆங்கிலமும் அடிபட்டுப் பழகியிருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க எம்.பி. ஒருவரின் ஆங்கிலம் அவனுக்குத் தாளமாக மட்டுமே கேட்டது.

ஆளைப் பற்றி மயூரா சொல்லியிருந்தாள். மரம் இழுக்கிற கூலியின் மகன். தகப்பன் மரத்துக்குக் கீழே நசுங்கிச் செத்தபிறகு அறுவை ஆலைக்கு வேலைக்குப் போன சிறுவன். வாளில் இரண்டு விரல் போனது. கடன் வாங்கிய புத்தகங்களில் சட்டம் படித்து, முதலில் மாநிலச் சட்டசபை, பிறகு வாஷிங்டன். ஆலைகளில் சின்னப் பிள்ளைகள் வேலை செய்வதைத் தடுத்தவர். விதவைகளுக்கு உதவிப்பணம் கொண்டுவந்தவர். அருந்தவனுக்கு மனிதரைப் பிடித்துப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் கிடங்கில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் லூதரின் கதையைச் சொன்னான். "எங்கட ஆள்" என்றே சொன்னான்.

கடைசிப் பந்தியில் மட்டும் மகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவள் அதைக் கத்தினாள். முகத்தைக் கோணலாக்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அருந்தவன் விடவில்லை.

"கத்தாதை பிள்ளை. தகப்பன் தன்ர பிள்ளையளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லு. மெல்லமா. 'டோர்' எண்டு வருதெல்லே, அந்த இடத்தில ரெண்டு கையையும் கொண்டுவந்து சேர்த்துக் கதவைச் சாத்து. பிறகு ஒண்டும் கதைக்காமல் நில்லு."

அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். பிறகு, சொன்னபடியே செய்தாள்.

இப்போது மேடையிலும் சொன்னபடியே செய்தாள். குரல் இறங்கியது. கைகள் இரண்டும் காற்றில் வந்து சேர்ந்தன. மண்டபம் மூச்சை அடக்கியது. பிறகு கைதட்டல். பின்வரிசையில் சிலர் எழுந்தே நின்றார்கள். அருந்தவனுக்குக் கண் கலங்கியது.

பக்கத்துக் கதிரையில் இருந்த பாஸ்கர் அவன் தோளில் அடித்தார். கோயம்புத்தூர்க்காரர். அவர் மகள் ஹரிப்பிரியா மயூராவின் வகுப்பு. சற்று முன்புதான் பேசிவிட்டு இறங்கியிருந்தாள்.

"கலக்கிட்டா சார் உங்க பொண்ணு! நம்மளுதும் பேசுச்சே, சூப்பர் மார்க்கெட்ல ஆஃபர் அனௌன்ஸ் பண்ற மாதிரி. கடைசில கதவைச் சாத்துனா பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அந்த ராஸ்கலே நேர்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

"ஏன் ராஸ்கல் எண்டுறியள்? சின்னப் பிள்ளையளை ஆலையிலயிருந்து வெளியில எடுத்த மனுசனெல்லே?"

"அது முதல் பாதி சார். இப்பப் பேசுன அடுத்த பாதி? ஆசியாக்காரன் எவனும் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டப்ப, அதுக்கு ஆள் சேர்த்ததே இவர்தானாம். மேப்ல கோடு கிழிச்சாங்களாம். கோட்டுக்குள்ள பொறந்தவனுக்கு அமெரிக்காவுல எடம் இல்ல. இந்தியா உள்ள, உங்க சிலோனும் உள்ள. அந்தக் கதவைத்தானே சாத்துனா?" பாஸ்கர் சிரிப்பதை நிறுத்தினார். "ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றான் அருந்தவன்.

நடுவர்களில் முன்னாள் எம்.பி.யான ஒரு பெண் இருந்தார். அவர் முதற்பரிசை மயூராவின் கையில் கொடுத்து, அவள் தோளை அணைத்து, ஏதோ சொன்னார். புகைப்படத்துக்கு அருந்தவனையும் கூப்பிட்டார்கள். போய் நின்றான். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தான். மகள் மேடையில் பேசிய அந்த மெல்லிய குரலை அவன் முன்பே கேட்டிருக்கிறான். குடிவரவு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, உங்கள் கஷ்டம் எங்களுக்கு விளங்குகிறது என்று தொடங்கி, இல்லை என்று முடித்த குரல். அதிகாரிகள் மாறினார்கள். குரல் மாறவில்லை. அதைத்தான் பெற்ற மகளின் தொண்டைக்குள் அவன் தன் கையாலேயே ஊற்றியிருந்தான்.

கார் நிறுத்துமிடத்துக்கு அவளுக்கு முன்னால் நடந்தான். காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டோ என்னட்டைப் பழகினனீ?"

"ஓம்."

"எங்களை வாசல்ல நிப்பாட்டினவன்ர பேச்சை. பெத்த கொப்பனிட்டை."

"நீங்கள் கேக்கேல்லை அப்பா. யூ நெவர் ஆஸ்க்ட். கையை எங்க தூக்கிறதெண்டு மட்டும்தான் சொன்னனீங்கள்."

"ஆலையின்ர கதவெண்டு நினைச்சன். பிள்ளையள் இனி உள்ளுக்கு வரக்கூடாதெண்டு சாத்திற கதவெண்டு." அவன் ஸ்டியரிங்கில் குத்தினான். "உலகத்தில உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ? நல்ல மனுசர் ஒருத்தரும் சாகேல்லையோ?"

"நல்ல ஆக்களைத்தான் எல்லாரும் எடுக்கினம். எல்லாரும் கைதட்டிப்போட்டு வீட்டை போகினம்." அவள் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பின் இருக்கையில் எறிந்தாள். "முதல்நாள் நான் அதை எப்பிடிச் சொன்னனான்? ஞாபகம் இருக்கோ? கத்தினனான். நாய் மாதிரிக் குரைச்சனான். அவன் மேப்பில கிழிச்ச கோட்டுக்குள்ள பிறந்தவள் நான். என்ர வாயால அவன்ர சொல்லைக் கேட்டு அவையள் வெக்கப்படோணும் எண்டு நினைச்சன். நீங்கள்தான் கத்தாதை எண்டனீங்கள். தகப்பன் மாதிரிச் சொல்லெண்டனீங்கள்."

அருந்தவன் சாவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான்.

"அந்த ஜட்ஜ் என்ன சொன்னவ தெரியுமோ? ஷி சேட் ஐ மேட் ஹிம் லவபிள். எல்லாருக்கும் பிடிச்சுப்போற ஆளா அவனை ஆக்கிப்போட்டனாம். எங்கட ஆள் எண்டு கிடங்கு முழுக்கச் சொல்லித் திரிஞ்சனீங்களெல்லே? இப்ப அவையளுக்கும் அவன் எங்கட ஆள்தான்."

"பொத்து வாயை."

பொத்தினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு இலகுவாக இருந்திருக்கும். அவனுடைய கோபம் பிடிக்க ஆள் தேடியது. லூதர் செத்துப் பல காலம். அந்த எம்.பி. தன் காரில் ஏறிப் போய்விட்டார். அருகில் இருந்தது மகள் மட்டும்தான்.

"ஃபைனல்ல கத்து," என்றான். "குரை. அவன்ர முகத்தில காறித் துப்பு."

"துப்பினால் தோத்துப்போவன். அவையளுக்கு அவனைப் பிடிச்சிருக்கு. இண்டைக்கு மாதிரிச் சொன்னால் வெல்லுவன். எனக்கு நல்லாத் தெரியும்."

வெள்ளைக் கார் ஒன்று அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. சிக்னல் விளக்கு மினுங்கியது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, போகிறீர்களா என்று கையால் கேட்டார். அருந்தவன் இல்லை என்று தலையசைத்தான். அந்த மனிதர் நகரவில்லை. இடம் காலியாகும் என்ற நம்பிக்கையோடு புன்னகைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அருந்தவன் சாவியைத் திருகவில்லை. அந்தப் புன்னகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்றாள் மயூரா. "நான் வெல்லோணுமோ, வேண்டாமோ? அதை மட்டும் சொல்லுங்கோ."