நாகேசுவிட்டை இருக்கிற முறை

தவராசா வீட்டுப் படலையில் செல்லமும் இராசமும் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அடுப்பில் அவிந்துகொண்டிருந்த புட்டை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். விலக்குப்பிடிக்கப் போனேன் என்று சொன்னால் எங்கள் வாய்க்கால் கரைச் சனம் சிரிக்கும். என்ன சண்டை என்று பார்க்கத்தான் போனேன்.

"இண்டைக்கு எங்கடை முறை, பாக்கியமக்கா. நீங்களே சொல்லுங்கோ. மேலை இருந்து கீழை வந்தால் இவையின்ரை காணிக்குப் பிறகு ஆரின்ரை காணி?" என்றாள் செல்லம். மயில்வாகனத்தின் பெண்சாதி. சாதாரணமாக வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறவள் போல இருப்பாள்.

"நேற்று என்ரை முறை. அதிலை பாதியைக் குடிச்சது ஆர்? மத்தியானம் சும்மா எட்டிப் பாக்க வந்தவ, விளக்கு வைக்கத்தானே எழும்பினவ!" என்றாள் வீரகத்தியின் பெண்சாதி இராசம்.

புது ஆள் யாரும் கேட்டிருந்தால் தண்ணீர்ச் சண்டை என்றுதான் நினைத்திருப்பார்கள். குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்தை விட்டு இந்தக் காட்டுக்கு வந்து குடியேறிய எங்களுக்கு வேறு சண்டையே தெரியாது. இது தண்ணீருக்கு இல்லை. தவராசாவின் பெண்சாதி நாகேசு, ஆடி மாதத்திலிருந்து ஒரு சொல் பேசாமல் குசினி வாசலில் குந்தியிருக்கிறாளே, அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற முறை யாருக்கு என்ற சண்டை.

படலைக்கு உள்ளே நின்ற நாகேசுவின் மகள் கமலாசனி இரண்டு பேரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பதினாலு வயதுப் பெட்டை. முகம் மட்டும் பேரப்பிள்ளை கண்டவளின் முகம்.

"ஒராள் வந்தால் காணும் மாமி. ரெண்டு பேரும் ஒரே நாளிலை வந்திட்டு அடுத்த நாள் ஒருத்தரும் வராமல் விடாதையுங்கோ. வியாழக்கிழமை நான் போறன். அதுக்குப் பிறகு இங்கை பாக்க ஆள் இல்லை."

"நாங்கள் இல்லையோ பிள்ளை?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

நாகேசுவின் கதை வாய்க்காலில் எல்லாருக்கும் தெரியும். ஆடியில் ஆறு மாதக் கைக்குழந்தை காய்ச்சலில் போனது. அழுதாள். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் அழுகை நின்றது, பேச்சும் நின்றது. உலை வைப்பாள், அரிசி போட மறப்பாள். தவராசா கெட்ட மனுசன் இல்லை. பெண்சாதி பேசுவதை விட்டது அவருக்கு முதல் ஒரு கிழமை விளங்கவேயில்லை என்று மட்டும் சொல்லுவேன். பிறகு ஒரு பின்னேரம் பெரிய வாய்க்காலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றவளை, தண்ணீர் முறை பார்க்கிற விதானை ஏரம்பர்தான் கண்டு இழுத்து எடுத்தார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் பயம் பிடித்தது.

பயம் பிடித்தால் எங்கள் சனத்துக்குப் புத்தி பெருகும். ஒருத்தி வேப்பிலை அடிக்கச் சொன்னாள். ஒருத்தி நூல் கட்டுவித்தாள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தது நான். அடுத்த பிள்ளையைப் பெத்தால் சரிவரும் என்றார் வீரகத்தி, ஏதோ நாற்று மாற்றி நடுவதுபோல. அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னவர்களும் உண்டு. கடைசியில் தவராசா அவளை மாட்டு வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் கொண்டுபோனார். அவர் கலவை மருந்து ஒரு போத்தல் கொடுத்துவிட்டு, "மருந்து மட்டும் காணாது. தனிய விடாதையுங்கோ. ஆராவது பக்கத்திலை இருக்கோணும்" என்றாராம். அந்த ஆராவது கமலாசனி ஆனாள். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த பெட்டை, வீட்டில் தாயின் சேலைத் தலைப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டுக்கு மேல் இல்லை. மேலே படிக்க யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். பெரிய வாத்தியார் சைக்கிளில் நாலுதரம் வந்து, தவராசாவோடு கதைத்து, பெண்கள் விடுதி ஒன்றில் இடமும் எடுத்துவிட்டார். தையில் பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் போய் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்கு. "பெட்டைக்கு ஏன் இவ்வளவு படிப்பு?" என்று கேட்காதவர்கள் எங்கள் வாய்க்காலில் ஆடு மாடுதான். ஆனால் வாத்தியார் படலையில் நின்று, "அப்ப தாயை ஆர் பாக்கிறது எண்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று ஊரைப் பார்த்துக் கேட்டதும் எல்லாருக்கும் ரோசம் வந்துவிட்டது.

முறை போடுகிற யோசனை என்னுடையது. நிறைவேற்றியது ஏரம்பர். பங்கிடுகிறது என்றால் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதம். தலைமடையிலிருந்து கடைமடை வரை, காணி ஒழுங்கில், வீட்டுக்கு ஒரு பகல். "தண்ணியைப் பங்கிட்டவனுக்கு மனுசரைப் பங்கிடத் தெரியாதோ?" என்று குடையை ஊன்றிக்கொண்டு சொன்னார். கடைமடைச் சனம் உடனே, "தண்ணியும் எங்களுக்குக் கடைசி, இதுவும் கடைசியோ?" என்று முறைப்பாடு வைத்தது. முறைப்பாடு வைத்தவர்களே முதல் முறைக்குச் சாட்டும் சொன்னார்கள். மாடு கன்று போட்டிருக்காம், நாரிப்பிடிப்பாம், நெல்லுக் காயுதாம். இழுத்துப் பிடித்து இருத்த எனக்கு நாக்குத் தள்ளியது.

இரண்டு சுற்று முடியத்தான் விசயம் தலைகீழானது. போனவள் எழும்புகிறாள் இல்லை. முறை இல்லாதவளும் போகிறாள். எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு வேலிக் கிடுகுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். செல்லம் கதைத்துக்கொண்டிருக்கிறாள். நிற்காமல் கதைக்கிறாள், நடுவில் மூக்கைச் சிந்துகிறாள், திரும்பவும் கதைக்கிறாள். பதினைந்து வருசமாக என்னிடம் "ஓம் அக்கா", "இல்லை அக்கா" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாதவள்! கிடுகுக்குள் காதை வைத்தும் முணுமுணுப்புத்தான் கேட்டது.

நாகேசு குறுக்கே பேசமாட்டாள். அறிவுரை சொல்லமாட்டாள். முக்கியமாக, வெளியில் சொல்லமாட்டாள். இந்தக் காட்டில் அப்படி ஒரு ஆள் அகப்படுமா? வாய்க்கால் முழுக்க அவளிடம் போய்க் கொட்டியது. ஏரம்பர்கூட, முறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போனவர், வெயில் சாயும்வரை உள்ளே இருந்தார். வரும்போது சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"என்ன ஏரம்பண்ணை?"

"ஒண்டுமில்லை. கண்ணுக்கை தூசி."

மழை பெய்து சேறாகக் கிடக்கிற ஊரில் தூசியாம். அவர் பெண்சாதி செத்து ஏழு வருசம். என்ன சொன்னாரோ! மனம் பொறுக்காமல் நாகேசுவிடமே போய்க் கேட்டேன். "ஏரம்பர் என்னடி சொன்னவர்?" அவள் என் தலைக்கு மேலால் கோழிக்கூட்டைப் பார்த்தாள். ஊர்க்கதை முழுக்க ஒரு வீட்டுக்குள் போகிறது, ஒரு துளி வெளியே கசியவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கமலாசனிதான் ஒருநாள் தண்ணீர்க் குடத்தை நிலத்தில் தொம் என்று வைத்துவிட்டுக் கத்தினாள். "அம்மாவைப் பாக்க வாறியளோ, அம்மாட்டைக் கொட்ட வாறியளோ? நீங்கள் கொட்டிப்போட்டுப் பாரம் குறைஞ்சு போறியள். அவ விடிய விடிய முழிச்சுக்கொண்டு கிடக்கிறா. அதை ஆர் பாக்கிறது?"

"ஊர் உதவி செய்யுது, பெட்டைக்கு வாய்க்கொழுப்பு" என்றாள் இராசம். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு நாகேசுவின் கண்ணுக்குக் கீழே பார்த்தேன். அடுப்புக்கரி பூசியதுபோல இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. மார்கழி மழை பாதியில் கைவிட்ட வருசம் அது. பயிர் கதிர் கட்டுகிற குடலைப் பருவம், வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அன்றைக்குப் பார்த்துத்தானா குளத்துத் துலுசுக் கதவு திறக்க வேண்டும்? முறையும் இல்லை, அறிவிப்பும் இல்லை. "தண்ணி வருது, தண்ணி வருது, இண்டைக்கு விட்டால் இனி எப்பவோ" என்று ஏரம்பர் விடிய முன்னமே வாய்க்கால் கட்டில் கூவிக்கொண்டு ஓடினார். ஆணும் பெண்ணும் மண்வெட்டியோடு வயலுக்குப் பறந்தார்கள். என் மனுசனும் போனார். நான் சோறு கொண்டுபோவதற்காக வீட்டில் நின்றேன். பெட்டையை வழியனுப்பிவிட்டுப் போவோம், பெட்டிக்குள் என்னென்ன வைத்திருக்கிறாள் என்றும் பார்த்த மாதிரி இருக்கும் என்று தவராசா வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் றங்குப்பெட்டி. அதன்மேல் கமலாசனி. பின்னிய தலையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"எடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு!"

"செல்லம் மாமி வரேல்லை. இண்டைக்கும் தானே இருப்பன் எண்டு கேட்டு வாங்கினவ."

முறைக்காகப் படலையில் நின்று கத்திய அதே செல்லம்!

"கொப்பர்?"

"அப்பா மடை கட்டப் போட்டார். போகாட்டில் மூண்டு ஏக்கரும் காயும். அவரைப் பிழை சொல்லேலாது. செல்லம் மாமிக்கும் வயல் இருக்கு, அவவையும் சொல்லேலாது. அம்மாவைச் சொல்லேலுமோ? ஒருத்தரையும் ஒண்டும் சொல்லேலாது. நான் போகேல்லை. சரிதானே?"

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

"நான் இருக்கிறன். நீ எழும்பு."

"நீங்களோ?" என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் முறையிலையே இல்லை மாமி."

திட்டம் போட்டவளும் முறையில் நிற்கவேண்டும் என்று எந்த வாய்க்காலில் சட்டம் இருக்கிறது? பதில் சொல்லாத ஒருத்திக்குப் பக்கத்தில் பகல் முழுக்க இருப்பது எனக்குக் கந்தசஷ்டி விரதம் மாதிரி. அது என் உடம்புக்கு ஒத்துவராது.

"இருப்பியள்" என்றாள் அவள். "றோட்டாலை ரெண்டு பேர் கதைச்சுக்கொண்டு போனால் எழும்பி வேலிக்குப் போவியள். அம்மாவுக்கு அந்த நேரம் காணும்."

எனக்கு உச்சியில் ஏறியது. அவள் சொன்னது பொய் என்றால் ஏறியிராது. தொடங்கினேன். செல்லத்தைத் திட்டினேன். சொல்லாமல் துலுசு திறந்தவனைத் திட்டினேன், ஏரம்பரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். ஒரு ஊர் கூடி ஒரு பெட்டையைப் பஸ் ஏற்ற முடியாத கேவலத்தை, கையை ஆட்டி, முற்றத்தில் மேலும் கீழும் நடந்து சொல்லிக்கொண்டேயிருந்தேன். குசினி வாசலில் இருந்தவள் எழும்பியதை நான் காணவில்லை.

கண்டபோது நாகேசு பெட்டியடியில் நின்றாள். குனிந்து ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்தாள். பெட்டி அசையவில்லை, மேலே மகள் இருந்தாள். நாகேசு விடாமல் இழுத்தாள்.

"எடியாத்தை, நாகேசு, என்ன செய்யிறாய்? இந்த உடம்போடை..." என்று நான் புதிதாகத் தொடங்க, அவள் நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் வாயை மூடுங்கோவன், பாக்கியமக்கா."

துருப்பிடித்த கப்பி உருளுகிறது மாதிரிக் குரல். அரை வருசத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு எனக்குக் கிடைத்த ஏச்சு. கமலாசனி பெட்டியிலிருந்து எழும்பிவிட்டாள். எழும்பியதே அவளுக்குத் தெரியவில்லை. நாகேசு பிடியைத் தூக்கிக்கொண்டு, மற்றப் பிடியை மகள் தூக்கட்டும் என்று காத்து நின்றாள்.

பஸ் ஓடுகிற கண்டி வீதிக்கு அரைக்கட்டை, அரை மைல் தூரம். தாயும் மகளும் பெட்டியை நடுவில் பிடித்துப் போனார்கள். கமலாசனி நடந்தபடியே ஒற்றைக் கையால் தலைமயிரை முடியப் பார்த்தாள், முடியவில்லை. நான் பின்னால் அவளுடைய குடையையும் செருப்பையும் கொண்டுபோனேன். புழுதியில் போட்டால் செருப்புப் பழுதாகுமாம். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அரைக்கட்டை எனக்கு யாழ்ப்பாணத்துக்கு நடந்த மாதிரி இருந்தது.

பஸ் வந்தது. பெட்டியைக் கூரைமேல் எறிந்தார்கள். "கெதியா ஏறு பிள்ளை" என்றான் கொண்டக்டர். மிதிபலகையில் கால் வைத்தவள் ஏறாமல் திரும்பினாள்.

"அம்மா, ஏதாவது சொல்லுங்கோ. ஒரு சொல்லு."

நாகேசு சொல்லவில்லை. வாய் அசைந்தது மாதிரி இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. மகளின் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். பஸ்ஸில் இடித்து ஏறுகிறவர்கள் தள்ளுவார்களே, அந்தத் தள்ளு.

யன்னலுக்குள்ளால் பெட்டையின் தலை வந்தது. "மாமி, அப்பா வருமட்டும் இருப்பியளோ?"

"இருப்பன்."

"எழும்ப மாட்டியள்?"

"மாட்டன்."

"கதை ஒண்டும் சொல்லமாட்டியள்?"

"சொல்லமாட்டன். போ."

பஸ் போய்ப் புகையும் அடங்கியது. நாகேசு திரும்பி நடந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். வாய்க்கால் கட்டுக்கு வரும்போது வயல் பக்கத்தில் பெரிய சத்தம். யாரோ யாருடைய மடையையோ வெட்டிவிட்டார்கள். ஏரம்பரின் குரல், அதற்கு மேலால் செல்லத்தின் குரல், தவராசா என்ற பெயரும் அடிபட்டது. "உன்ரை குடும்பத்துச் சங்கதி எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?" என்று யாரோ கத்தினார்கள். யார், எந்தச் சங்கதி? காற்று மற்றப் பக்கம் திரும்பிவிட்டது. என் கால் ஒன்று தன்பாட்டில் வயல் பக்கம் எட்டு வைத்தது.

நாகேசு நிற்கவில்லை. வீட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கி வந்த அவளுடைய வலக்கை, இன்னும் பிடி அதற்குள் இருக்கிறதுபோல மடங்கியபடி, ஒரு பக்கத்துத் தோள் சற்றுத் தாழ, பக்கத்தில் தொங்கியது. நான் ஓடிப்போய் என் நாலு விரலையும் அந்த மடிப்புக்குள் வைத்தேன். அவள் பிடித்தாளோ, கை தன்பாட்டில் அப்படியே மடங்கிக் கிடந்ததோ தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் சண்டை முற்றிக்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.