ஜோடி சேராத டயர்கள்

"நகத்துல இருக்கிற கிரீஸை எடுக்காதீங்க," என்று ஆர்டிஸ் தொலைபேசியில் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தாள். "தலைமுடியை வாருங்க, கோட்டை மாட்டுங்க, எல்லாம் செய்யுங்க. நகம் மட்டும் அப்படியே இருக்கட்டும். சுத்தமான நகத்தோட போனா மேல இருக்கிறவருக்கே அவரை அடையாளம் தெரியாது."

மறுமுனையில் இருந்தவர் இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைத்துக் கொடுப்பவர். ஊரில் பாதிப் பேரை அனுப்பிவைத்த கை. இப்படி ஒரு வேண்டுகோளை அவர் கேட்டதில்லை. இருந்தாலும் அவள் புருஷன் டெல்பர்ட் ஹாகனை அவருக்கும் தெரியும். சரி என்று போனை வைத்தார்.

டெல்பர்ட் புதன்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். முன்னால் இருந்த காபிகூட ஆறவில்லை. ஆர்டிஸ் இன்னும் அழுது முடிக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது, நாளைக் காலை அடக்கம். அழுகைக்கு நடுவே ஒரு கவலையும் இருந்தது. அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"என்னை அந்தக் கறுப்புக் கார்ல ஏத்திடாத ஆர்டிஸ். நான் நம்ம லாரியிலதான் போவேன்," என்று சென்ற வசந்தத்தில் ஒருநாள் சொன்னார். அவள் அப்போது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "சரி சரி, முதல்ல கையக் கழுவிட்டு வா," என்றாள். கிழங்கு உரித்துக்கொண்டே கொடுத்தாலும் வாக்கு வாக்குதான்.

பச்சை லாரி. நாற்பத்தெட்டாம் வருஷத்து மாடல். ஒரு காலத்தில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் கேன்களை ஏற்றி வந்தது. டெல்பர்ட் அதைக் கண்டுபிடித்தபோது ஓட்டுநர் இருக்கையில் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. இன்று அதன் பம்பரைப் பார்த்துத் தலைவாரலாம். ஒரே ஒரு குறை, அதற்குக் கால் இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் நான்கு என்று ஆறு டயரும் பக்கவாட்டில் வெடித்து நூல் தெரிந்ததால் டெல்பர்ட் கழற்றிப் போட்டுவிட்டார். பழைய அச்சில் வார்த்த புது டயர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். டயர் வருவதற்குள் அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. லாரி கொட்டகைக்குள் மரக்கட்டைகள் மேல் நின்றது.

"அம்மா, டயர் கடையில பேசிட்டேன்," என்று மகன் கர்ட் சமையலறைக்குள் வந்தான். போன் இன்னும் காதிலேயே இருந்தது. "ரேடியல் இருக்காம். அளவு சரியா வரும். சாயங்காலத்துக்குள்ள மாட்டித் தர்றேங்கிறான்."

ரேடியல் என்ற இந்தக் காலத்து டயரின் பெயரை இந்த வீட்டில் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. அந்தக் காலத்து லாரிக்கு அந்தக் காலத்து நைலான் டயர்தான் என்பது டெல்பர்ட்டின் வேதம். பழைய வண்டிக்கு ரேடியல் போடுவது தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் தாத்தா கையில் செல்போனை வரைவது மாதிரி என்பார். ஆர்டிஸ் ஜன்னல் வழியே கொட்டகையைப் பார்த்தாள். டயர் இல்லாமல் வாக்கு இல்லை. கண்ட டயரில் போனால் அது அவர் இல்லை.

"வேற வழி இல்லன்னா போடச் சொல்லு," என்றாள்.

அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு வெர்லின் கிராஃப் உள்ளே வந்தார். எங்கள் அயோவா மாநிலத்தில் வேண்டியவர்கள் முன்கதவுப் பக்கம் போகமாட்டார்கள், தட்டவும் மாட்டார்கள்.

வெர்லின் பழைய லாரிக் கழகத்தின் தலைவர். ஒவ்வொரு செப்டம்பரிலும் கவுண்டித் திடலில், அதாவது மாவட்டத்துப் பொருட்காட்சி மைதானத்தில், நடக்கும் லாரி ஷோவுக்கு அவர்தான் நடுவர். ஒரு வருஷம் டெல்பர்ட்டின் லாரியில் பின்பக்கத்து டயர் ஒன்றின் பட்டன், ரோட்டில் பதியும் அந்த வெட்டு, மட்டும் மற்ற ஐந்தோடு ஒத்துப்போகவில்லை என்று குனிந்து, டார்ச் அடித்துக் கண்டுபிடித்து, இரண்டு மார்க் குறைத்தார். முதல் பரிசு ஒரு தீயணைப்பு வண்டிக்குப் போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க டெல்பர்ட் வெர்லினோடு பேசவில்லை. தேவாலயத்தில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடினார்கள், அவ்வளவுதான். பனி உருகியதும் டெல்பர்ட்டே போய், "நீ சொன்னது நியாயந்தான், கழுதை," என்று ராசியாகிவிட்டார்.

"டேய் கர்ட், போனை வை," என்றார் வெர்லின். "உங்கப்பனை ரேடியல்ல அனுப்பினா பெட்டியத் திறந்துட்டு வந்து முதல்ல என்னைத்தான் அடிப்பான்."

"அப்ப என்ன பண்றது? கட்டையோட தூக்கிட்டா போறது?"

"ஆர்டிஸ், கொட்டகைச் சாவிய குடு."

"நாளைக்கு உங்க ஷோ ஆச்சே வெர்லின்," என்றாள் அவள். பாதிரியாருக்கு சனிக்கிழமை விட்டால் வேறு நாள் இல்லை. அதைச் சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "ஷோவ விட்டுட்டு யாரும் வரவேண்டாம்னு சொல்லிடு. அவரு தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கே போகாம ஷோவுக்குப் போன மனுஷன். கோவிச்சுக்க மாட்டாரு."

"சாவி," என்றார் வெர்லின், கையை நீட்டியபடி.

மாலையில் போனில் பேசியவரின் சவக்கூடத்துக்கு ஊரார் வந்து டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். நகங்கள் கறுப்பாகவே இருந்தன. ஆர்டிஸ் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது முற்றத்தில் நாலைந்து பிக்கப் வண்டிகள் நின்றன. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் சுத்தியல் சத்தம். கதவருகே போனவளை வெர்லின் மறித்தார்.

"உள்ள வராத. டயரைப் பிடிக்கிற இரும்பு வளையத்த ரிம்முல ஏத்திட்டிருக்கோம். தெறிச்சா தலை போயிடும். நாளைக்கு ஒரு அடக்கம் போதும்."

"டயர் எங்கேர்ந்து கிடைச்சுது?"

"கிடைச்சுது. நீ போய் காபி போடு. ரெண்டு பாத்திரம் போடு."

காலையில் லாரி முற்றத்தில் தன் காலில் நின்றது. பார்த்ததும் ஆர்டிஸுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடியே கண் டயருக்குப் போனது. அத்தனை வருஷம் டெல்பர்ட்டோடு குடித்தனம் நடத்தியவள் கண் வேறு எங்கே போகும்? ஒன்றில் பட்டன் கட்டம் கட்டமாக இருந்தது. ஒன்றில் நேர்க்கோடு. இன்னொன்று டிராக்டர் டயர் மாதிரி சாய்வாக வெட்டியிருந்தது. எல்லாம் நைலான் டயர்தான், எல்லாம் அந்தக் காலத்துதான். ஆனால் ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

"ஆறுல ரெண்டு கூட ஜோடி இல்லையே வெர்லின்."

"இல்லதான்," என்றார் அவர். கண்கள் சிவந்திருந்தன. சவரம் செய்யவில்லை. "மார்க் போட்டா தேறாது. கிடைச்சத மாட்டியிருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு டயருக்காக ஒரு குளிர்காலம் பேசாமல் இருந்த மனிதனை இப்படி அனுப்புகிறோமே என்று அவளுக்குச் சுருக்கென்றது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. கோட்டை எடுக்க உள்ளே போனாள்.

தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்ததும் பெட்டியை லாரியின் மரத்தளத்தில் ஏற்றினார்கள். அதைக் கட்டும்போது மட்டும் கழகத்து ஆட்களுக்குள் சச்சரவு. எந்த முடிச்சு வழுக்காது என்று ஆளுக்கு ஒரு யோசனை. கடைசியில் நோரீன் எல்லோரையும் விலக்கிவிட்டுத் தானே கட்டினாள். அந்தத் தீயணைப்பு வண்டிக்காரி அவள்தான். புருஷன் இறந்த வருஷம் அவள் அந்த வண்டியை விற்கப் பார்த்தபோது, டெல்பர்ட் வாராவாரம் போய் இன்ஜினை ஓடவைத்து, விற்கவிடாமல் பண்ணினார்.

வெர்லின் ஓட்டினார். பக்கத்தில் ஆர்டிஸ். கர்ட்டும் மற்றவர்களும் பின்னால் கார்களில் வந்தார்கள். முதல் கியருக்கே லாரி பல்லைக் கடித்தது.

"ரெண்டு தடவை கிளட்ச்சை மிதிக்கணும்," என்றாள் ஆர்டிஸ்.

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச மாதிரி சத்தம் வரலையே."

வெர்லின் சிரித்தார். அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது, புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக. வண்டி தடக் தடக்கென்று குதித்தது. ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்ற நைலான் டயர் அடியில் தட்டையாகிவிடும், சூடேறும் வரை குதிக்கத்தான் செய்யும். ஷோவுக்குப் போகும் காலைகளில் டெல்பர்ட் அந்தத் தாளத்துக்குத் தொடையில் தட்டிக்கொண்டு போவார். இன்று ஆறு டயரும் ஆறு தாளம் போட்டன.

கல்லறைக்குப் போகும் ரோடு கவுண்டித் திடலை ஒட்டித்தான் போகிறது. வேலி ஓரமாக ஷோவுக்கு வந்த ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். லாரியைக் கண்டதும் தொப்பிகள் இறங்கின. ஒருவர் கையிலிருந்த சோளக் கதிரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஆர்டிஸ் அவர்களுக்குத் தலையசைத்தாள். அப்புறம் அவர்களைத் தாண்டி உள்ளே பார்த்தாள்.

புல்லில் கழகத்து லாரிகள் துடைத்து, மெழுகு போட்டு, பளபளவென்று நின்றன. நோரீனின் சிவப்புத் தீயணைப்பு வண்டிக்குப் பின்சக்கரம் ஒன்று இல்லை. அந்த இடத்தில் மரக்கட்டை. அடுத்து நின்ற நீல எண்ணெய் லாரிக்கும் ஒரு சக்கரம் இல்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. வரிசையின் தலைமாட்டில், வாசலைப் பார்த்தபடி, வெர்லினின் சாம்பல் நிற லாரி. அதற்கு முன்சக்கரம் ஒன்று இல்லை. முன்னங்கால் மடக்கிய மாடு போலக் கட்டையில் சாய்ந்து நின்றது.

சக்கரம் குறைந்த வண்டிக்கு மார்க் கிடையாது. அது கழகத்தின் விதி. அந்த விதியை எழுதியவர் வெர்லின்.

"நிறுத்தட்டுமா?" என்று கேட்டார் அவர், ரோட்டைப் பார்த்தபடியே.

"வேண்டாம். மெதுவா போ."

மெதுவாகப் போனார். ஆர்டிஸ் ஒவ்வொரு லாரியாகப் பார்த்தாள். வருஷம் முழுக்க இந்த ஒரு நாள் காலைக்காகத்தான் அவர்கள் துரு சுரண்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், சம்சாரத்திடம் திட்டு வாங்குகிறார்கள். அது அவளுக்குத் தெரியாததா? வண்டிக்காரர்கள் யாரும் வண்டிப் பக்கத்தில் இல்லை. எல்லோரும் பின்னால் கார்களில் வந்துகொண்டிருந்தார்கள்.

"இப்ப மார்க் போடுற நேரம்," என்றாள்.

"ஆமா. பக்கத்து கவுண்டியிலேர்ந்து ஒருத்தன வரச் சொல்லியிருக்கேன். பாவம், எதுக்கு மார்க் போடுறதுன்னு முழிச்சிட்டிருப்பான்."

"ஒரே வண்டியிலேர்ந்து ஆறையும் எடுத்திருக்கலாமே வெர்லின். மத்தவங்களுக்காவது பரிசு கிடைச்சிருக்கும்."

"நானும் அதான் சொன்னேன். என் வண்டியிலேர்ந்து மொத்தத்தையும் உருவுங்கன்னு. ஒருத்தரும் கேக்கல. நோரீன் சண்டைக்கே வந்துட்டா. 'டெல்பர்ட் உனக்கு மட்டுந்தான் சிநேகிதனா? நீ ஒருத்தனே தூக்கிட்டுப் போயிடுவியா?'ன்னு கத்துறா. வராதவனெல்லாம் போன் பண்ணி, என்னுது ஏன் எடுக்கலன்னு கேக்குறான். ஆறு டயர்தான்டா இருக்கு, லாரி என்ன மரவட்டையான்னு கேட்டேன்."

ஆர்டிஸுக்குக் கண் நிறைந்து ரோடு தெரியவில்லை. காலையில் முற்றத்தில் நின்று ஜோடி இல்லையே என்று சொன்ன வாய் அவளுடையது. இவர்களிடம் எதைச் சொல்லி, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? "வெர்லின்," என்று ஆரம்பித்தாள்.

"பேசாத ஆர்டிஸ்," என்றார் அவர். "எனக்கு ரோடு தெரியணும்."

தடக் தடக் சத்தம் எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை. டயர்கள் சூடாகிவிட்டிருந்தன. லாரி வழுக்கிக்கொண்டு போனது.

கல்லறையில் காரியம் சீக்கிரம் முடிந்தது. டெல்பர்ட்டுக்கு நீண்ட பிரசங்கம் பிடிக்காது என்று பாதிரியாருக்கும் தெரியும். நோரீன் முடிச்சை அவிழ்த்தாள். பெட்டி இறங்கியது. வெர்லின் லாரியை எடுத்துக்கொண்டு போனார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்னும் பன்றித் தொடைக்கறியும் காபியும் காத்திருந்ததால் மற்றவர்களும் ஒவ்வொருவராக அவளைக் கட்டியணைத்துவிட்டுக் கிளம்பினார்கள். யாரும் டயரைப் பற்றிப் பேசவில்லை. அவள் ஒவ்வொருவரையும் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்து வைத்திருந்தாள்.

கடைசியில் அவளும் கர்ட்டும் மட்டும்தான். கல்லறையின் மண்பாதை ராத்திரித் தூறலில் ஊறிக் கறுப்பாக இருந்தது. கார்கள் மறுபக்கத்துப் பாதையில் வந்து போனதால் இதில் லாரியின் அச்சு மட்டும்தான் இருந்தது. லாரி உள்ளே வரும்போது நேராக வந்த இடத்தில் அச்சின் மேல் அச்சு விழுந்து ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பாதை வளைகிற இடத்தில் சக்கரங்கள் தனித்தனியே பிரிந்து போயிருந்தன. கட்டம், நேர்க்கோடு, சாய்வு வெட்டு, இன்னும் மூன்று. மண்ணில் தெளிவாகப் பதிந்து, பள்ளங்களில் கொஞ்சம் தண்ணீரோடு.

ஆர்டிஸ் ஒரு அச்சையும் மிதிக்காமல் பாதையை விட்டு இறங்கி, செருப்பு நனைய ஈரப் புல்லில் நடந்தாள். கர்ட் காரைக் கிளப்பி, லாரி வந்த வழியே திருப்பப் போனான். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"இந்தப் பக்கம் வேண்டாம்," என்றாள். "அந்தப் பக்கமா சுத்திப் போ."