எட்டாவது எண்ணிக்கை

பதினான்கு பேர் இருக்கிற இசைக்குழுவில் ஒருவருக்கு முன்பல் உடைய வேண்டும் என்றிருந்தால், அது டிரம்பெட் ஊதுகிறவளுக்கா உடைய வேண்டும்? கிடார்காரருக்கு உடைந்திருந்தால் ஒரு வாரம் சிரிக்காமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். உடைந்தது டிரைவரக்காவுக்கு.

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் என்பதால் அந்தப் பெயர். குழு வாசிப்பது ஃபங்க் என்கிற துள்ளல் இசை. அதில் ஜாஸையும் டிஸ்கோவையும் ஹிப்-ஹாப்பையும் போட்டுக் கலக்கி, சும்மா நிற்கிறவனைக்கூட ஆட வைத்துவிடுவார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தாங்களும் ஆடினார்கள். ஏழு பேர் நிற்கக்கூடிய மேடையில் பதினான்கு பேர். எல்லோரும் இடப்பக்கம் சாய வேண்டிய இடத்தில் டிராம்போன்காரர் மட்டும் வலப்பக்கம் திரும்பினார். இழுத்து நீட்டி வாசிக்கிற அந்த வாத்தியத்தின் குழாய் போய் டிரம்பெட்டில் இடிக்க, டிரம்பெட் அவள் வாயில் இடித்தது. அந்த மகானுபாவர் வேறு யாருமில்லை, அவளுடைய தங்கை புருஷன். எலக்ட்ரீஷியன். வெளியாளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

நாலு மாதம் ஓடிவிட்டது. புதுப் பல் கட்டியாயிற்று, இனி ஊதலாம் என்று பல் டாக்டரும் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். உதடு இன்னும் பழைய பல்லைத் தேடிக்கொண்டிருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பதினைந்து நாள் முயன்றதில் ஒரே ஒரு சுரம்தான் ஒழுங்காக வந்தது. அதற்கு மேலே போனால் வெறும் காற்று. கீழே போனால் கன்றுக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம்.

ஒற்றைச் சுரத்தை வைத்துக்கொண்டு எந்தக் குழுவில் நிற்பது? பதினொரு வருஷம் நின்ற இடம் அது. வாரம் முழுக்கப் பேருந்தில் யார் யாரிடமோ வசவு வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போய் நின்றால் மனசு லேசாகிவிடும். அது இனி இல்லை என்று நினைத்தபோது, பல் உடைந்தபோது வராத அழுகை வந்தது. அவர்கள் மென்று விழுங்கிச் சொல்லும் நிலைமைக்கு விடாமல், தானே சொல்லி விலகிக்கொள்வதுதான் மரியாதை என்று முடிவு செய்தாள். ஆனாலும் டிரம்பெட் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் கிளம்பினாள்.

ஒத்திகை நடப்பது டயர் கடை மாடியில். படியேறும்போதே பாட்டு கேட்டது. அவளுக்கு மிகவும் பிடித்த பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணிக்கைக்கு அவளுடைய டிரம்பெட் மட்டும் தனியாக ஓடும். பிறகு மொத்தக் குழுவும் ஒன்றாக வந்து இறங்கும். ஒருவர் வராவிட்டால் அவர் பங்கை இன்னொருவர் வாசிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கீபோர்டு வாசிக்கும் கணக்கு டீச்சர் போட்டது.

அந்த இடம் வந்தது. அவள் படியிலேயே நின்றாள். சத்தமே இல்லை. மரத்தரையில் கால்கள் தாளம் போடுவது மட்டும் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

ஆனால் எட்டு முடிந்ததும் டிரம்ஸ் முந்திக்கொண்டது, சாக்ஸபோன் பிந்தியது, மற்றவர்கள் ஓடும் வண்டியிலிருந்து குதித்தவர்கள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"திரும்பவும்," என்றார் டீச்சர் உள்ளே, சலித்துப்போன குரலில்.

அவள் கதவைத் தள்ளினாள். பன்னிரண்டு முகங்கள் மலர்ந்தன. தங்கை புருஷன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"நான் வாசிக்க வரல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள். "நீங்க எனக்காகக் காத்திட்டிருக்க வேணாம். அந்த இடம் நான் இல்லாமலே நல்லா இருக்கு. இப்பதான் கேட்டேன்."

"நல்லா இருக்குக்கா, இல்லன்னு சொல்லல," என்றார் பாட்டுக்கு நடுவே ராப் பாடுகிற சலூன்காரர். "போன கச்சேரியில ஜனங்க அந்த இடத்துல மூச்சு விடாம நின்னாங்க. அதான் சும்மா இருக்கிறதையே வெச்சுக்கலாம்னு பாத்தோம். ஆனா வெளிய வரத் தெரியல. நீங்க இழுத்துட்டு வருவீங்க, நாங்க பின்னாடியே வந்துடுவோம். இப்ப யாரும் இழுக்கலையே."

"எனக்கு ஒரே ஒரு சுரம்தான் வருது."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏழு வரைக்கும் எல்லாரும் சும்மா இருக்கோம். எட்டுல ஒண்ணு வேணும். நீ எத்தனை வெச்சிருக்க?"

அவள் தன் பழைய இடத்தைப் பார்த்தாள். தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. நாலு மாதத் தூசியில் அதன் ஓரம் பிரிந்திருந்தது.

"நான்தான்க்கா ஒட்டினேன், பல்லு போன அடுத்த வாரமே," என்றார் தங்கை புருஷன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இதுக்குள்ள யாரும் வரக்கூடாதுன்னு. முக்கியமா நான்."

அவள் பெட்டியைத் திறந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. அந்த இடம் வந்தது, எல்லாம் நின்றது. கால்கள் மட்டும் எண்ணின. ஐந்து. ஆறு. ஏழு. எட்டில் அவள் ஊதினாள். லேசாகக் காற்றடித்த சுரம்தான், ஆனால் நேராகப் போயிற்று. அடுத்த நொடி பதின்மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். தங்கை புருஷன் மட்டும் டிராம்போனைச் சுவரைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார். தன் சுரம் முடிந்துபோனதால் அவளுக்குப் பேச வாய் சும்மா இருந்தது.

"ஆடுங்க மாப்பிள்ளை," என்றாள். "ஆனா எல்லாரும் ஆடுற பக்கம் ஆடுங்க."