டவாலி வீட்டுக்கு வந்த சம்மன்

கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதுதான் டவாலிக்கு வேலை. கையில் சம்மனோடு பேயறைந்த மாதிரி வந்து நிற்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "எதுக்குங்க இப்படி வெலவெலத்துப் போறீங்க? சம்மன்னா ஜெயிலுன்னா அர்த்தம்? வரச்சொல்லிக் கூப்பிடறாங்க, அவ்வளவுதான். சாட்சி சொல்லக் கூப்பிட்டா அது மரியாதைங்க!" என்று வாய் ஓயாமல் எடுத்துச்சொல்வார்.

அந்த மரியாதை தன் வீட்டுக்கே வந்தபோது மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சம்மன் அவர் மனைவி பெயருக்கு. மாடியில் துணி காயப்போடும்போது தெருமுனை விபத்தை அவள் பார்த்திருந்தாள். சைக்கிள்காரரை இடித்துவிட்டுப் பறந்தது ஒரு கார்; மாட்டிக்கொண்டதோ பின்னால் வந்த பால் வண்டிக்காரர். கார்க்காரர் பெரிய இடம். பார்த்தவர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இவள் ஒருத்திதான்.

மனைவியின் தம்பி வந்து குதித்தான். "கோர்ட்டுக் கூண்டுல எங்க அக்காவா? நாலு பேர் என்ன பேசுவாங்க மாமா? ஜுரம்னு சொல்லிடுங்க."

"அவன் சொல்றதும் சரிதான்" என்று டவாலி மென்று விழுங்கினார். "நமக்கு எதுக்கு ஊர் வம்பு?"

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஊருக்கெல்லாம் மரியாதை, எனக்கு மட்டும் வம்பா? அந்த மனுஷன் உள்ள போயிட்டா அவர் பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது? ஜுரமே வந்தாலும் போர்த்திக்கிட்டு வருவேன்."

டவாலிக்குச் சுருக்கென்றது. தம்பிக்காரனோ அடங்கவில்லை, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தெருவெல்லாம் பரப்பிவிட்டான்.

விசாரணை நாளில் கார்க்காரரின் ஆட்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பால் வண்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சாட்சியை மூன்று தரம் கூப்பிடுவது வழக்கம். ஆள் வந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கல்யாணமான நாள் முதல் "இந்தாம்மா" என்றே காலத்தை ஓட்டிய டவாலி, தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியின் பெயரை முழுசாகக் கூப்பிட்டார்.

"வந்துட்டேங்க" என்று அவள் வராந்தா பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே நடந்தாள். முன்வரிசைக் கால்கள் கீழே இறங்கின. பால் வண்டிக்காரர் கைகூப்பினார்.

டவாலிக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டாம் தரமும் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டது கட்டடமே அதிரும்படி இருந்தது.

"யோவ், அதான் வந்து நிக்கிறாங்களே!" என்று அதட்டினார் கிளார்க். "இன்னும் யாருக்காகக் கத்தறே?"

"இவங்க வரக்கூடாதுன்னு நெனச்சவங்க சில பேர் இங்க இருக்கோம் சார்" என்றார் டவாலி. "எங்க எல்லார் காதுலயும் விழட்டும்."